எழுத்தட்டை, இசை, குரல்: 'நோஸ்ஃபெராட்டு' படத்தைத் தமிழில் கேட்பது குறித்து

1. பொருளும் எல்லையும்

ஒலிப்பதிவு இல்லாத காலத்துத் திரைப்படங்களை, இசைக் கலைஞர்கள் அரங்கிலேயே அமர்ந்து வாசிக்கும் நேரடி இசையுடன் திரையிடும் வழக்கம் அண்மைக்காலத்தில் மீண்டும் ஊக்கம் பெற்றுள்ளது. பிரான்ஸ் ஓஸ்டன் இயக்கிய 'ஷிராஸ்' (1928) செப்பனிடப்பட்டு, அனுஷ்கா சங்கரின் இசையுடன் 2017இல் இலண்டனிலும் தொடர்ந்து இந்திய நகரங்கள் சிலவற்றிலும் காட்டப்பட்டது. 2022 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடைபெற்ற கேரளச் சர்வதேசத் திரைப்பட விழாவில் மௌனப்படங்கள் நேரடிப் பியானோ இசையுடன் திரையிடப்பட்டன. உலக அளவில் இவ்வழக்கத்திற்கு மிகுதியாக எடுத்துக்கொள்ளப்படும் படங்களுள் ஒன்று, எஃப். டபிள்யூ. முர்னாவ் இயக்கிய ஜெர்மானியத் திகில்படமான 'நோஸ்ஃபெராட்டு' (1922) ஆகும். ஒற்றைப் பியானோ முதல் நரம்பிசைக் குழுக்கள், முழு இசைக்குழு வரை பலரும் அதற்கு இசையமைத்து வாசித்துள்ளனர்.

இத்தகைய திரையிடல்களைப் பாராட்டி எழுதுவோர், இசைக்கு மொழியில்லை, ஆகவே மௌனப்படம் எந்நாட்டவர்க்கும் ஒருபோல விளங்கும் என்று கூறுவதை ஒரு மரபாகவே கொண்டுள்ளனர். இக்கட்டுரை அக்கூற்றை மறுக்கிறது. மௌனப்படத்துக்கு வாசிக்கப்படும் இசை ஒரு மொழிபெயர்ப்பே. ஆதலின் மொழிபெயர்ப்பைத் திறனாய்வு செய்யும் அளவுகோல்களால் அதனையும் ஆராய வேண்டும் என்பது இதன் முதற்கருத்து. மௌனப்படக் காலத்தில் நம் கொட்டகைகளில் படத்திற்கு இசை, மனிதக் குரல் என்னும் இரண்டு துணைகள் இருந்தன. இன்றைய மறுமலர்ச்சியில் இசை மட்டும் திரும்பி வந்துள்ளது, குரல் திரும்பவில்லை என்பது இரண்டாவது கருத்து. இவ்விழப்பு தமிழ் மொழிபெயர்ப்பாளர்களின் பணியோடு நேரடித் தொடர்புடையது. இவற்றை 'நோஸ்ஃபெராட்டு' என்னும் ஒரு படத்தை முன்வைத்து விளக்குவதே இங்கு நோக்கம்.

2. பெயர்கள் சொல்லும் கொள்கை

இப்படங்களைக் குறிக்கத் தமிழில் ஊமைப்படம், மௌனப்படம், பேசாப்படம் என்னும் மூன்று சொற்கள் வழங்குகின்றன. மூன்றுமே பேசும்படத்தின் வரவால் பொருள் பெற்றவை. செல்பேசி வந்த பின்னரே 'தரைவழித் தொலைபேசி' என்ற பெயர் தேவைப்பட்டது போல, 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்ப் பேசும்படம் தோன்றிய பின்னரே பழைய படங்களுக்கு அடைமொழி தேவைப்பட்டது. அதற்குமுன் அவை வெறுமனே சினிமா, பயாஸ்கோப், சலனப்படம் எனப்பட்டன.

எனினும் இம்மூன்றும் ஒருபொருட் பன்மொழி அல்ல. 'ஊமை' என்பது பேச இயலாமையைக் குறிக்கும். 'மௌனம்' பேச வல்லவர் பேசாதிருத்தலை, அதாவது விருப்பத்தோடு கூடிய செயலைக் குறிக்கும். மௌனவிரதம் என்கிறோமேயன்றி ஊமைவிரதம் என்பதில்லை. 'பேசா' என்னும் எதிர்மறைப் பெயரெச்சம் காரணம் கூறாது. நிகழாமையை மட்டும் கூறும். இசையமைப்பாளர் ஒருவர் இப்படத்தை ஊமை என்று கருதினால் குறையை நிரப்ப முனைவார், இடைவிடாது வாசிப்பார். மௌனம் என்று கருதினால் அதனை மதித்துத் தாமும் சில இடங்களில் வாளாவிருப்பார். பெயரின் தேர்வு இசையின் அடர்த்தியைத் தீர்மானிக்கக்கூடியது.

இசையைக் குறிக்கும் சொற்களிலும் இதே சிக்கல் உண்டு. திரைத்துறையில் நிலைபெற்றது 'பின்னணி இசை' என்பது. பின்னால் நிற்கும் வரிசை என்னும் பொருளுடைய இச்சொல், கண்ணுக்குத் தெரியாத, படத்தோடு ஒட்டிப் பதிவான இசைக்கே பொருந்தும். திரைக்கருகில் மூவரோ நால்வரோ அமர்ந்து, படத்தைப் பார்த்தபடியே வாசிக்கும் அறையிசைக்குப் பொருந்தும் சொல் நம் கச்சேரி மரபிலேயே உள்ளது. அது 'பக்கவாத்தியம்'. ஆலாபனையில் வயலின் கலைஞர் பாடகரைச் சற்றுப் பிந்தித் தொடர்கிறார். பாடகர் விட்ட இடத்தில் தாம் எடுத்துச் செல்கிறார். ஒரு சங்கதியைத் திருப்பி வாசித்து அதற்குத் தம் பொருளைச் சேர்க்கிறார். பின்னணி இசைக்கு இல்லாத உரிமையும் பொறுப்பும் பக்கவாத்தியத்துக்கு உண்டு.

ஆயினும் வேறுபாடு ஒன்று நோக்கத்தக்கது. கச்சேரியில் பாடகர் வயலினைக் கேட்கிறார். கேட்டுத் தம் பாட்டை மாற்றுகிறார். திரையோ கேட்பதில்லை. இசைக் கலைஞருக்கு வாய்த்த முதன்மைக் கலைஞர் செவிப்புலன் இல்லாதவர். மொழிபெயர்ப்பாளரின் நிலையும் இதுவே. மூலநூல் அவருக்கு மறுமொழி கூறாது. தம் தொடருக்கான முழுப் பொறுப்பையும் அவரே ஏற்கவேண்டும்.

3. மூலத்தின் நிலை

மொழிபெயர்ப்பு என்றால் மூலம் எது என்ற வினா எழும். 'நோஸ்ஃபெராட்டு'வைப் பொறுத்தவரை இதற்கு எளிய விடை இல்லை.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாவலை உரிமை பெறாமல் தழுவி, பாத்திரப் பெயர்களையும் ஊரையும் மாற்றி, பிராணா-ஃபிலிம் என்னும் நிறுவனம் இப்படத்தை எடுத்தது. 1922 மார்ச் 4 அன்று பெர்லின் விலங்குக்காட்சிச் சாலையின் பளிங்கு மண்டபத்தில், ஹான்ஸ் எர்ட்மான் இயற்றிய இசையுடன் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் தொடுத்த வழக்கின் முடிவில், 1925இல் படப்பிரதிகளை அழிக்குமாறு தீர்ப்பாயிற்று. பிற நாடுகளுக்குச் சென்றிருந்த பிரதிகளால் படம் தப்பியது. எர்ட்மானின் முழு இசைப்பிரதி தப்பவில்லை. அவர் அதிலிருந்து தொகுத்து 1926இல் வெளியிட்ட 'விசித்திர-கற்பனைத் தொகுதி'யே எஞ்சியுள்ளது. அதன் பகுதிகளை வைத்துப் பிற்கால அறிஞர்கள் மீட்டுருவாக்கம் செய்துள்ளனர்.

படத்தின் சொற்பகுதியும் இதே நிலையில்தான் உள்ளது. ஆங்கிலப் பிரதிகள் பலவற்றில் ஓர்லோக் பிரபு மீண்டும் டிராகுலா ஆனார். விஸ்போர்க் என்னும் ஊர் பிரெமன் ஆயிற்று. 2006ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற மீட்டெடுப்பு, பிரெஞ்சு எழுத்தட்டைகளைக் கொண்ட வண்ணமேற்றிய பழம்பிரதி ஒன்றனை முதன்மை ஆதாரமாகக் கொண்டது. ஜெர்மானிய மூலத்தை மீட்க அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்புப் பிரதி உதவியது என்பது மொழிபெயர்ப்பியலார்க்குச் சுவையான செய்தியாகும். மொழிபெயர்ப்பு மூலத்தின் நிழல் என்பர். இங்கு நிழலைக் கொண்டு உருவை மீட்டிருக்கிறார்கள்.

தென்னிந்தியாவிலும் இதற்கு இணையான ஒரு வரலாறு உண்டு. சி. வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலைத் தழுவி 1930களின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட 'மார்த்தாண்ட வர்மா' என்னும் மௌனப்படம், பதிப்புரிமை வழக்கினால் புத்தக நிறுவனம் ஒன்றின் கைக்குச் சென்று அங்கேயே முடங்கியது. 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதனைப் பெற்றது. தென்னிந்திய மௌனப்படங்களுள் இன்று முழுமையாகக் காணக்கிடைப்பதாகச் சுட்டப்படுவது இதுவே. ஒரு வழக்கு பெர்லினில் படத்தை அழிக்கச் சொன்னது. மற்றொரு வழக்கு திருவனந்தபுரத்தில் படத்தைப் பூட்டி வைத்ததாலேயே காத்தது. இரண்டிலும் படம் பிழைத்தது. அதனுடன் அரங்கில் ஒலித்தது மட்டும் பிழைக்கவில்லை. எனவே இன்று வாசிக்கப்படும் எந்த இசையும் மூலத்தை இழந்த மொழிபெயர்ப்பு ஆகும். 'உண்மையான இசை இதுவன்று' என்று எதனையும் தள்ள இயலாது. 'இந்த இசை எப்பொருளைத் தேர்ந்துகொண்டது' என்று கேட்க இயலும்.

4. பாலம்: ஓர் எழுத்தட்டையின் மூன்று வாசிப்புகள்

அவ்வாறு கேட்பதற்குத் தகுந்த இடம், இளைஞன் ஹுட்டர் பிரபுவின் கோட்டையை நோக்கிச் செல்லும் வழியில் ஒரு பாலத்தைக் கடக்கும் காட்சி. அங்கு வரும் டைட்டில் கார்டு எனப்படும் எழுத்தட்டை ஜெர்மனில் ஒருவகையாகவும் பிரெஞ்சில் வேறுவகையாகவும் உள்ளது. ஜெர்மன் அட்டையின் கருத்து: பாலத்தைக் கடந்ததும், அவன் என்னிடம் பலமுறை கூறியிருந்த அச்சமூட்டும் தோற்றங்கள் அவனைப் பற்றிக்கொண்டன என்பது. கதையை எழுதிவைக்கும் ஊர் வரலாற்றாசிரியர் ஒருவரின் கூற்றாக இது அமைகிறது. பிரெஞ்சு அட்டையின் கருத்து: பாலத்திற்கு அப்பால் ஆவிகள் அவனை எதிர்கொள்ள வந்தன என்பது. ஆந்த்ரே பிரெத்தோன் முதலிய மீமெய்யியலார் போற்றியது பிரெஞ்சுத் தொடரையே.

இரண்டுக்கும் இடையேயான வேறுபாடு அணிநயம் பற்றியதன்று; இலக்கணம் பற்றியது. ஜெர்மன் தொடரில் வரும் சொல் மனக்கண்ணில் தோன்றுவதைக் குறிக்கும். செய்தியும் பிறர் வாய்க் கேட்டதாகக் கூறப்படுகிறது. பேய் இருந்ததா, அவன் அப்படி எண்ணினானா என்பதற்கு எழுதுபவர் பொறுப்பேற்கவில்லை. பிரெஞ்சுத் தொடரிலோ ஆவிகள் எழுவாயாகி வினை செய்கின்றன. கூறுபவர் ஐயமின்றிக் கூறுகிறார்.

தமிழ் இவ்விரண்டையும் உருபினாலேயே வேறுபடுத்த வல்லது. 'அவனைப் பேய் பிடித்தது', 'அவனுக்குப் பேய் பிடித்தது' என்னும் இரு தொடர்களும் வழக்கில் உள்ளன. இரண்டாம் வேற்றுமை கொண்ட தொடரில் பேய் புறத்திலிருந்து வந்து செயற்படும் வினைமுதல், அவன் செயப்படுபொருள். நான்காம் வேற்றுமை கொண்ட தொடர், 'அவனுக்குப் பசித்தது', 'அவனுக்குப் பைத்தியம் பிடித்தது' என்பனபோல, ஒருவன் உட்பட்ட நிலையைக் கூறுவதற்கே பெரிதும் இடம் தருகிறது. கேட்ட செய்தி என்பதைச் சுட்ட 'ஆம்' என்னும் இடைச்சொல்லும் நம்மிடம் உண்டு. 'தோற்றங்கள் அவனைப் பற்றிக்கொண்டனவாம்' என்று எழுதினால் ஜெர்மன் ஆசிரியரின் ஒதுங்கிய நிலை ஒரே விகுதியில் அமைந்துவிடுகிறது. ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வரும் மொழிபெயர்ப்பாளர் இவ்வாய்ப்பை இழக்கிறார். ஏனெனில் ஆங்கில வாக்கியம் இவ்விகுதிக்கு நிகராக ஒன்றையும் அவர்முன் வைப்பதில்லை.

இனி இசைக்கு வருவோம். வயலின், செல்லோ, பியானோ ஆகியவற்றைக் கொண்ட ஒரு மூவர் குழு இக்காட்சிக்கு வாசிக்கிறது என்று கொள்வோம். ஹுட்டர் பாலத்தில் கால் வைப்பதற்கு முன்பே இசை இருண்டுவிட்டால், அச்சம் அவனுள் முன்னரே இருந்தது என்பது பொருள். அது நான்காம் வேற்றுமை. அவன் பாலத்தைக் கடந்தபின், பிரபுவின் வண்டி தோன்றும் கணத்தில் இசை திடீரென மாறினால், பேய் புறத்தேயிருந்து வந்தது என்பது பொருள். அது இரண்டாம் வேற்றுமை. எழுத்தட்டை திரையில் நிற்கும்போது மட்டும் இசை மாறி, காட்சி வந்ததும் பழைய அமைதிக்கே திரும்பினால், எழுதியவர் சொல்கிறார், படம் உறுதி செய்யவில்லை என்பது பொருள். அது 'ஆம்' விகுதி. காட்சி ஒன்றே, ஆயின் இசை நுழையும் இடத்தைப் பொறுத்து வாக்கியம் மாறிவிடுகிறது.

இதனால் பெறப்படுவது யாது? இவ்விசை பெயர்ச்சொல்லின் பணியையோ வினைச்சொல்லின் பணியையோ செய்வதில்லை. அவற்றைப் படமே செய்கிறது. உருபு, இடைச்சொல், தொனி ஆகியவற்றின் பணியையே இசை செய்கிறது. தனித்து நின்று பொருள் தராமல் சார்ந்து நின்று பொருளை வேறுபடுத்துவது இடைச்சொல்லின் இயல்பு என்பது நம் இலக்கண மரபு. நேரடி இசைக்கும் இவ்விலக்கணம் பொருந்தும். அதனை இசைத்தட்டில் தனியே கேட்டு மதிப்பிடுதல், ஏகார ஓகாரங்களைத் தொகுத்துத் தனியே படிப்பது போன்றதாகும்.

5. அச்சத்தின் நிலைக்களன்கள்

படத்தின் முழுத் தலைப்பிலேயே இசை உள்ளது. அது தன்னை ஒரு சிம்பொனி என்று அழைத்துக்கொள்கிறது. எதன் சிம்பொனி என்பதற்கு ஜெர்மன் தரும் சொல் 'கிராவென்'. அச்சம், திகில், பீதி, நடுக்கம், வெருட்சி ஆகிய தமிழ்ச் சொற்களுள் எதனை இடுவது என்பது சிக்கல். அச்சொல்லுக்கு ஒரு சிறப்பு உண்டு. அதே வடிவுடைய வினை ஜெர்மனில் பொழுது புலர்தலையும் குறிக்கும். இரவெல்லாம் உலவும் ஓர்லோக், விடியலின் ஒளியில் அழிந்துபோவதே படத்தின் முடிவு. ஆகவே தலைப்பில் முடிவின் சாயலும் கேட்கிறது. இச்சிலேடை தமிழில் இயலாது என்று விட்டுவிட வேண்டியதில்லை. 'வெளுத்தல்' என்னும் நம் வினை இரண்டையும் ஏற்கும்: அச்சத்தால் முகம் வெளுக்கும், விடியலில் கிழக்கு வெளுக்கும். தலைப்பில் அமைக்க முடியாவிடினும், இறுதி எழுத்தட்டைகளுள் இவ்வினையை ஆளலாம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காக வகுத்துள்ளது. ஓர்லோக் என்னும் ஒரே பாத்திரத்தில் இந்நான்கும் ஒன்றுகூடுகின்றன. அவன் இறந்தும் உலவுவதால் அணங்கு. கூரிய பற்களும் நீண்ட நகங்களும் கொண்டு எலிக்கூட்டத்தோடு வருவதால் விலங்கு. இரவில் பிறர் வீடு புகுந்து உயிரைக் கவர்வதால் கள்வன். கோட்டைக்கு உரிய பிரபுவாகையால் இறை. இந்நான்கனுள் எதனை முன்னிறுத்துவது என்பது இசையமைப்பாளரின் தேர்வு. பேரிசைக்குழுவின் முழக்கம் இயல்பாகவே இறையச்சத்தை மிகுவிக்கும். சிறு குழுவின் அறையிசை கள்வரச்சத்துக்கு ஏற்றது. ஏனெனில் அது வீட்டறையின் இசை, கதவுக்கு வெளியே கேட்கும் காலடியின் அளவை மீறாதது. படத்தின் புகழ்பெற்ற காட்சியில் ஓர்லோக்கின் நிழல் மட்டும் மாடிப்படி ஏறுகிறது. அந்நிழலுக்கு முப்பது வயலின்கள் தேவையில்லை. ஒரு வயலினின் ஒற்றை நீள்சுரம் போதும், சில வேளை அதுவும் வேண்டாம்.

எர்ட்மானின் தொகுதி இதனை உணர்ந்தே அமைந்துள்ளது எனலாம். அதன் பத்துப் பகுதிகளும் மனநிலைப் பெயர்களையே தலைப்பாகக் கொண்டவை: இன்ப அமைதி, உணர்ச்சிப் பாங்கு, பேய்த்தன்மை, புயல், அழிவு, விந்தை, கலக்கம் என்றாற்போல. பத்தில் பேய்த்தன்மைக்கு உரியதாகப் பெயர் பெற்றது ஒன்றே. அவர் பின்னர் ஜுசெப்பெ பெச்சேயுடன் இணைந்து 1927இல் வெளியிட்ட திரையிசைக் கையேடும் காட்சிக்கேற்ற உணர்வுகளை வகைப்படுத்தி இசைத்துண்டுகளைப் பட்டியலிடுகிறது. மெய்ப்பாடுகளை எண்வகையாக்கிய மரபில் வந்த நமக்கு இம்முயற்சி அந்நியமானதன்று. குறை எங்கு நேர்கிறது என்றால், அப்பட்டியலில் உள்ள ஒலிக்கும் உணர்வுக்குமான தொடர்பை எல்லா மக்களுக்கும் பொதுவானது என்று எண்ணும்போதுதான். அதனை ஒரு குறிப்பிட்ட அவையை முன்வைத்து ஆராயலாம்.

6. அவையும் குரலும்: தங்கவயலை முன்வைத்து

'நோஸ்ஃபெராட்டு'வுக்குத் தமிழ் எழுத்தட்டைகள் எழுதும் ஒருவர், கோலார் தங்கவயல் மக்களைத் தம் அவையாகக் கொண்டு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இவ்வூரைத் தேர்வதற்குக் காரணங்கள் உள. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் கீழ் வளர்ந்த இச்சுரங்க நகரின் தொழிலாளருள் பெரும்பகுதியினர் வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர். 1902இல் காவிரியின் சிவசமுத்திர மின்நிலையத்திலிருந்து இங்கு மின்சாரம் வந்தது. பெருநகரங்கள் பலவற்றுக்கும் முன்பே மின்விளக்கு கண்ட ஊர் இது. அதே வேளையில் அதன் ஆண்கள் நாள்தோறும் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இருளில் இறங்கிய ஊரும் இதுவே. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலமும் ஒரே தெருவில் கேட்கும் இடமாதலால், மொழிபெயர்ப்புச் சிக்கல் இங்கு ஏட்டளவில் நிற்பதன்று.

மேலைத் திரையிசை மரபில் செல்லோவின் அடித்தந்தியோ பியானோவின் கீழ்ச்சுரங்களோ அதிர்ந்து நடுங்கினால் அது பேயின் வருகையையோ புயலையோ குறிக்கும். தங்கவயலின் பழைய தலைமுறைக்கு, நிலத்தடியிலிருந்து எழும் அதிர்வுக்கு வேறு பொருள் உண்டு. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடித்துச் சிதறும் நிகழ்வு, 'ராக் பர்ஸ்ட்' என்ற பெயரில் அங்கு அனைவரும் அறிந்தது; அதன் அதிர்வு மேலே வீடுகளிலும் உணரப்பட்டது. அவ்வொலி கேட்டால் எழும் அச்சம் அணங்கினால் வருவதன்று. கீழே இருக்கும் கணவனையும் மகனையும் பற்றியது. தொல்காப்பியம் கூறும் நான்கு நிலைக்களன்களுள் அதனை அடக்குவது கடினம். தாயக மண்ணைப் பெட்டிகளில் நிரப்பிக்கொண்டு ஓர்லோக் கப்பலேறும் காட்சியும், தோண்டியெடுத்து அரைத்த மண் குன்றுகளாகக் குவிந்து கிடக்கும் ஊரில் வேறுவகையாகவே பார்க்கப்படும். இசை அனைவர்க்கும் ஒருபொருள் தருவது என்னும் கூற்று இங்கு நிற்காது. செவியும் வரலாறு உடையது.

எழுத்தட்டையின் சொற்றேர்வுக்கும் இது பொருந்தும். பிரபுவோடு வரும் எலிகள் ஊருக்குள் பரப்பும் நோயைக் 'கொள்ளைநோய்' என்று தமிழாக்கலாம். அச்சொல்லில் கொள்ளை இருப்பதால் கள்வரச்சமும் சேர்ந்து ஒலிக்கும். ஆனால் 1898இல் பெங்களூரைத் தாக்கிய நோயை மக்கள் 'பிளேக்' என்றே அழைத்தனர். கோயம்புத்தூரில் அப்பெயரிலேயே மாரியம்மன் கோயில் உண்டு. வரலாற்றாசிரியரின் நடையில் வரும் அட்டைக்குக் கொள்ளைநோய் என்பதும், செய்தித்தாள் அட்டைக்குப் பிளேக் என்பதும் தகும். இப்படத்தின் எழுத்துகள் ஊர் வரலாறு, பழஞ்சுவடி போன்ற பேய்நூல், கடிதம், கப்பல் நாட்குறிப்பு, செய்தித்தாள் எனப் பலவகைப்பட்டவை. ஒரே நடையில் அனைத்தையும் மொழிபெயர்ப்பது இப்படத்தின் சொல்லமைப்பையே அழிப்பதாகும்.

இனிக் குரல் பற்றி. மௌனப்படக் காலத்துத் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் எழுத்தட்டைகளை உரக்கப் படித்து, கதையை விளக்கிச் சொல்பவர் ஒருவர் திரைக்கருகில் நிற்பது வழக்கமாயிருந்தது. எழுத்தறியாத மக்களுக்காக ஏற்பட்ட ஏற்பாடு என்று இதனை விளக்குவர். அது காரணத்தின் ஒரு பகுதியே. ஜப்பானின் 'பென்ஷி'யும் கொரியாவின் 'பியோன்சா'வும் போல, இவ்விளக்குநரும் படத்தை அவைக்கு உரியதாக்கும் கலைஞர். தெருக்கூத்தின் கட்டியங்காரனையும் பின்பாட்டுக்காரரையும் அறிந்த வட ஆற்காட்டு மக்களுக்கு, ஆடுபவர் ஒருவர், அவருக்காகப் பேசுபவர் அல்லது பாடுபவர் வேறொருவர் என்னும் ஏற்பாடு புதிதன்று. தங்கவயலை எழுத்தறியா ஊர் என்று கொள்வதும் பொருந்தாது. அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், மௌனப்படம் செழித்திருந்த 1920களின் பிற்பகுதியில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. உரக்கப் படித்தல் என்பது கல்லாமையின் அடையாளமாக மட்டுமன்றி, கூடிக் கேட்கும் பண்பாட்டின் அடையாளமாகவும் இருக்கக்கூடும்.

இன்றைய நேரடி இசைத் திரையிடல்கள் இக்குரலைத் தேவையற்றதென ஒதுக்கிவிட்டன. ஆங்கில எழுத்தட்டையோ ஆங்கிலத் துணைவரியோ திரையில் தோன்றி மறைகிறது. படிக்க வல்லவர் படித்துக்கொள்கின்றனர். மற்றவர்க்கு இசை இருக்கிறதே என்று அமைதி கூறப்படுகிறது. இசைக்கு மொழியில்லை என்னும் கூற்றின் நடைமுறைப் பயன் இதுவே: மொழிபெயர்ப்பாளருக்கு இருக்கை இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். முர்னாவே எழுத்தட்டைகளைக் குறைக்க விரும்பியவர். 'கடைசி மனிதன்' (1924) படத்தை ஏறத்தாழ எழுத்தட்டையே இல்லாமல் எடுத்தார். அவர் படத்தில் குரலைச் சேர்ப்பது அவர் கலைக்கு மாறானது என்பர். 'கடைசி மனிதன்' படத்திற்கு இம்மறுப்புப் பொருந்தும். 'நோஸ்ஃபெராட்டு'வுக்குப் பொருந்தாது; அது நாவலின் கடித, நாட்குறிப்பு வடிவத்தைத் திரையில் தக்கவைத்த, படிக்கப்படுவதற்கென்றே எடுக்கப்பட்ட படம்.

இன்னொரு மறுப்பு, குரலும் இசையும் மோதும் என்பது. இது புறக்கணிக்கத் தக்கதன்று. டாட் பிரவுனிங்கின் 'டிராகுலா' (1931) பேசும்படமாயினும் அதில் இசை மிகக் குறைவு. அதற்குப் பிலிப் கிளாஸ் 1999இல் நரம்பிசை நால்வர் குழுவுக்கென இசை இயற்றி, குரோனோஸ் குழுவினர் வாசித்தனர். நேரடித் திரையிடல்களில் உரையாடலும் நரம்பிசையும் ஒன்றையொன்று மூடும் இடர் அங்கு எழுந்தது. ஏனெனில் குரல் முன்னரே பதிவாகி உறைந்துவிட்டது, இசை பின்னர் வந்தது. மௌனப்படத்தில் இரண்டுமே அரங்கில் உயிரோடு இருப்பவை. படிப்பவர் மூச்சு விடும் இடத்தில் வயலின் எடுக்கலாம். வயலின் நிற்கும் இடத்தில் படிப்பவர் தொடங்கலாம். பாடகருக்கும் பக்கவாத்தியத்துக்கும் இடையே திரை தர மறுத்த அந்தக் கொடுக்கல் வாங்கல், குரலுக்கும் இசைக்கும் இடையே மீண்டும் கிடைக்கிறது.

7. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படும் கருத்துகள் சிலவே. மௌனப்படத்தின் நேரடி இசை அலங்காரம் அன்று. படம் கூறும் வாக்கியத்தின் உருபும் இடைச்சொல்லும் ஆகும். அது எங்கே நுழைகிறது, எங்கே நிற்கிறது என்பவை பொருளை மாற்றுவதால், இசையமைப்பாளர் மொழிபெயர்ப்பாளரோடு அமர்ந்தே பணிசெய்ய வேண்டும். பாலத்துக் காட்சிக்கு 'அவனை'யா 'அவனுக்கு'வா என்பதை இருவரும் கூடியே முடிவு செய்தல் வேண்டும். எழுத்தட்டை ஒரு வேற்றுமையிலும் இசை மற்றொரு வேற்றுமையிலும் இருத்தல் கூடாது. வேண்டுமென்றே முரண்படுத்தினால் அது வேறு. அறியாமல் முரண்படுவதே குறை.

தமிழ் எழுத்தட்டைகள் அவற்றின் நடைவேறுபாடு தோன்ற எழுதப்படவும், அவற்றைப் படிக்கும் குரல் ஒன்று அரங்கில் மீண்டும் இடம்பெறவும் வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. மூன்று இசைக்கருவிகள், ஒரு படிப்பவர், ஒரு மொழிபெயர்ப்பாளர் போதும். மொழி நிறுவனங்களும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் மொழிபெயர்ப்புப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே இதனை மேற்கொள்ளலாம். 'மார்த்தாண்ட வர்மா'வின் ஆங்கில, மலையாள எழுத்தட்டைகளிலிருந்து தமிழாக்கம் செய்வது முதற்பயிற்சியாக அமையத்தக்கது.

நூறாண்டுகளுக்கு முன் பெயரறியாத விளக்குநர்கள், அயல்நாட்டுப் படங்களைத் தமிழ் அவைகளுக்குத் தம் குரலால் மொழிபெயர்த்தனர். அவர்களுடைய மொழிபெயர்ப்புகளில் ஒரு வரியும் எழுத்தில் எஞ்சவில்லை. அவர்கள் நின்ற இடம் திரைக்கருகில் இன்றும் காலியாகவே உள்ளது. அதனை இசை நிரப்பிவிட்டது என்று கூறுவதற்கு மொழியியலார் உடன்படுதல் தகாது.